செலவழிக்காத மூன்று புள்ளிகள்

அன்புள்ள பாலா,

திண்டிவனத்தில் உன் அத்தை பத்மா சொல்லிவருவதுபோல நீயும் நானும் வீட்டுப் பத்திரத்துக்காகச் சண்டை போடவில்லை. இந்த வீடு எனக்குப் பிறகு உனக்குத்தான் என்பது உனக்கும் தெரியும், பத்மாவுக்கும் தெரியும். நாம் சண்டை போட்டது பதினோரு புள்ளிகளுக்காக. கணினியில் விளையாடும் விளையாட்டில், என் பாத்திரத்துக்குச் சொந்தமான பதினோரு திறன் புள்ளிகள். போன வாரம் திண்டிவனத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்த உன் அத்தை, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்: “இன்னா அண்ணி, தண்ணியவே வடிகட்டிக் குடிக்கிற சமண வம்சம் நம்முது. நீங்க ஞாயித்துக்கெழமையானா பூதத்தைப் போட்டு வெட்டிக்கினு கீறீங்களாமே? அதுலதான் பாலா கோச்சிக்கினு பேசறதில்லையா, இல்ல பத்திரத்துலயா?” நான் சொன்னேன்: “வெட்டல பத்மா. முள்ளால குத்தறேன். பத்திரம் பீரோவுல பத்திரமா இருக்கு.” அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் இலை எடுக்கும் வரைக்கும்தான்.

அதனால் இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் நம் விளையாட்டுக் குழுவின் பொதுப் பக்கத்திலும், குடும்பத்தின் வாட்ஸ்அப்பிலும் போடுகிறேன். நீ என்னைக் கேட்ட கேள்வியைக் குழுவில் மற்ற மூன்று பேரும் காது கொடுத்துக் கேட்டார்கள். பதிலையும் அவர்கள் படிப்பதுதான் முறை. பத்மாவும் படிப்பாள் என்பதால், உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் விளக்கித்தான் எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

உன் அப்பா இறந்த வருஷம், கார்த்திகையில், நீ பூனாவிலிருந்து வந்து உன் பழைய கணினியைக் கூடத்தில் பொருத்தி, தலையில் மாட்டும் ஒலிவாங்கியை என் கையில் கொடுத்தாய். “ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு இதுல வாம்மா. சும்மா போன்ல சாப்ட்டியா தூங்கினியான்னு கேட்டுக்கினு இருக்கறதுக்கு, ரெண்டு பேரும் சேந்து எதையாவது பண்லாம்,” என்றாய். முப்பத்தோரு வருஷம் விழுப்புரம் தொலைபேசி நிலையத்தில் அதே மாதிரி ஒன்றைத் தலையில் மாட்டி உட்கார்ந்தவள் நான். அதை மாட்டியதும் முதுகு தானாக நிமிர்ந்தது. என் பாத்திரத்துக்குப் பெயர் கேட்டபோது ட்ரங்க்கால் என்று வைத்தேன். நீ சிரித்தாய். அப்பா போன பிறகு நீ சிரித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கு நான் உனக்குச் சொன்னது ஒன்று, நீ எனக்குச் சொன்னது ஒன்று. “எனக்கு ஒண்ணும் தெரியாது, நீ முன்னால நில்லு,” என்றேன். நீ கேடயத்தை எடுத்துக்கொண்டாய். இந்த விளையாட்டில் அந்த ஆளுக்கு டேங்க் என்று பெயர். எல்லா அடியையும் அவன்தான் வாங்க வேண்டும். நீ சொன்னது: “நீ ஹீல் பண்ணும்மா. அப்பாவ நாலு வருஷம் பாத்தவ, உனக்கு அது தானா வரும். நம்ம வூட்டு ஆளுங்களுக்கும் அதான் சரி, உயிரைக் கொல்ல வேணாம்.” அதாவது அடிபட்டவர்களின் உயிரைத் திரும்ப ஏற்றிவிடும் வேலை. நான் எதுவும் சொல்லவில்லை. அதில் தவறு உன்னுடையது பாதி, என்னுடையது பாதி.

இந்த வேலையில் எத்தனை கணக்கு இருக்கிறது என்று பத்மாவுக்குத் தெரிந்தால் பயந்துவிடுவாள். ஒவ்வொரு மோதிரத்திலும் மேலங்கியிலும் அறிவு, வேகம், உடலுரம் என்று எண்கள் இருக்கும். அறிவு கூடினால் நான் ஏற்றிவிடும் உயிரின் அளவு கூடும். வேகம் கூடினால் அது சீக்கிரம் போய்ச் சேரும். உடலுரம் கூடினால் நான் சாகத் தாமதமாகும். எழுபத்திரண்டு வயதில் உடலுரத்துக்காக அதிகம் விட்டுக்கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வேகத்தையும் ஓரளவுக்கு மேல் ஏற்றிப் பயனில்லை, என் விரல் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஆகவே அறிவு. இவை போக, ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒரு திறன் புள்ளி கிடைக்கும். அதை ஒளி, முள், ஓட்டம் என்ற மூன்று கிளைகளில் எதில் வேண்டுமானாலும் போடலாம். ஒளி என்பது குணப்படுத்துவது. முள் என்பது எதிரியைக் குத்துவது. ஓட்டம் என்பது தப்பிப்பது. எனக்கு நாற்பது புள்ளி. அதில் முப்பத்து நான்கை ஒளியிலும் ஆறை ஓட்டத்திலும் நீதான் போட்டுக்கொடுத்தாய்.

நான் படித்த கான்வென்ட்டில் கணக்கு சிஸ்டர் ஒருவர் இருந்தார். எதையும் முதலில் பென்சிலில் எழுத வேண்டும், ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும், பிறகுதான் மை. மையில் எழுதியதன் மேல் அடித்தோ திருத்தியோ எழுதினால் அந்தப் பக்கத்துக்கே மதிப்பெண் கிடையாது. அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு ஞாயிறும் சண்டை முடிந்ததும் திரையில் வரும் பட்டியலை நான் பென்சிலில் எடுத்து எழுதிவந்தேன். அதில் ‘வீணானது’ என்று ஒரு வரிசை உண்டு. ஏற்கெனவே உயிர் நிரம்பியிருக்கும் ஆளுக்கு மறுபடி உயிர் ஏற்றினால் அது வீண், பானை நிறைந்த பிறகு ஊற்றும் தண்ணீர் மாதிரி. ஒன்பது ஞாயிறு எழுதிப் பார்த்தேன். நான் கொடுத்ததில் பாதிக்கு மேல் வீண். உன் கவசம் அவ்வளவு திடம். உனக்குத் தேவைப்பட்டதைவிட நான் அதிகமாக ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த வரிசையைப் பார்த்தபோது, பாலா, எனக்கு உன் அப்பாவின் டம்ளர் ஞாபகம் வந்தது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து பக்கவாதத்தோடு வீட்டுக்கு வந்த இரண்டாவது மாதம், இடது கையால் டம்ளரைப் பிடித்துத் தானே கஞ்சி குடிக்கப் பார்த்தார். பாதி மேலே சிந்தியது. நான் டம்ளரை வாங்கி நானே புகட்டினேன். மறுநாளும் கையை நீட்டினார், மறுநாளும் வாங்கிக்கொண்டேன். “வுடேன், நான் குடிக்கிறேன்,” என்று குழறலாகச் சொன்னார். “படுக்கை பூரா சிந்தும், நான் இருக்கேன் இல்ல,” என்றேன். ஒரு வாரத்தில் கையை நீட்டுவதை நிறுத்திவிட்டார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என்னைப் போல யாரால் பார்த்துக்கொள்ள முடியும் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது தானாக வந்தது என்று நீயும் நினைத்தாய். தானாக வரவில்லை. வேறு வழி இல்லாமல் கற்றுக்கொண்டேன், கற்றுக்கொண்டதை அளவு தெரியாமல் செய்தேன்.

எனவே புள்ளிகளை மாற்றுவது என்று முடிவு செய்தேன். ஒளியிலிருந்து பதினொன்றை எடுத்து முள்ளில் போட்டேன். அதற்கு வேண்டிய மாற்றுச் சீட்டு, போன பிறந்தநாளுக்கு நீ எனக்குப் பரிசாக அனுப்பியது. உன்னிடம் கேட்கவில்லை. கணக்கு சரியாக இருக்கும்போது யாரையும் கேட்பது எனக்குப் பழக்கம் இல்லை. ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அந்த முள்ளை முதலில் எறிந்தபோது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பூதங்களுக்கு ஓரறிவுகூடக் கிடையாது, அதனால் தோஷமும் கிடையாது என்று என் மனத்துக்கே வாதாடிக்கொண்டு இன்னும் இரண்டு முள் எறிந்தேன்.

பிறகு வந்தது அந்த ஞாயிறு, உப்பு அரசன். அந்தப் பெரிய பூதத்தை அதற்கு முன் நாம் பார்த்ததே இல்லை. நம் குழுவின் புதுச்சேரிக் கணவனும் மனைவியும், செஞ்சிப் பக்கத்தில் மல்லாட்டைக் கடலை வியாபாரம் செய்யும் ஏழுமலையும், நீயும் நானும். இரண்டு மணி நேரம் உழைத்து அவன் உயிரில் கால் பங்குதான் மிச்சம் என்ற நிலைக்குக் கொண்டுவந்தோம். அப்போது அவன் கையில் இருந்த உப்பை வாரி உன்மேல் வீசினான். உன் கவசம் துருப்பிடித்து உதிர ஆரம்பித்தது. மரக்காணத்து உப்பளத்துக் காற்றில் இரும்பு என்ன ஆகும் என்று சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவள் நான். உப்பு அரசன் என்று பெயர் கேட்டபோதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று உண்டு. சாதாரண நாள் கணக்குக்குப் போட்ட லைன் பொங்கல் அன்றைக்குத் தாங்காது என்று மேலதிகாரிகளிடம் முப்பத்தோரு வருஷம் சண்டை போட்டவள் நான்தான். ஒன்பது சாதாரண ஞாயிறுகளை வைத்துப் பத்தாவதை முடிவு செய்தவளும் நானேதான்.

“அம்மா, ஹீல்! ஹீல் போடும்மா!” என்று நீ கத்தினாய்.

“போட்டுக்கினுதான் இருக்கேன்.”

“அம்மா, சார் உசுரு எறங்கிக்கினே போவுதுங்கம்மா! ஜல்தி, ஜல்தி!” என்றார் ஏழுமலை.

“இவ்ளோ கம்மியா ஏறுது? இன்னா பண்ணி வச்சிருக்க?”

“முள்ளுக்குப் பதினோரு புள்ளி மாத்திட்டேன்.”

“யாரைக் கேட்டு?”

“யாரைக் கேக்கணும்? என் புள்ளிடா.”

அதற்குள் நீ விழுந்துவிட்டாய். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் விழுந்தோம். திரை சாம்பல் நிறமானது. நீ சத்தம் போடாமல் சொன்னாய்: “உன் புள்ளிதான். பிளஸ் ஒன் ஃபார்ம்ல இருந்தது யாரு புள்ளி? அன்னிக்கும் கேக்கல, இன்னிக்கும் கேக்கல.” சொல்லிவிட்டு வெளியேறிவிட்டாய். ஏழுமலைதான், “செம பேஜாரா பூட்ச்சிங்க இன்னிக்கு. நீங்க போயி பொழுது சாயறதுக்குள்ள சாப்புடுங்கம்மா,” என்றார். இருட்டிய பிறகு நான் சாப்பிடுவதில்லை என்பதை அவர்கூடத் தெரிந்து வைத்திருக்கிறார்.

அதற்கப்புறம் ஐந்து ஞாயிறு நீ வரவில்லை. மருமகள் சுதா தினமும் கூப்பிடுகிறாள். “சாப்ட்டீங்களா அத்தை? அவர் ஆபீஸ்ல இருக்காரு அத்தை,” என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை என்ன ஆபீஸ் என்று நான் கேட்கவில்லை. அவள் நல்ல பெண், பொய் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பிளஸ் ஒன் ஃபார்மைப் பற்றி எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் வந்த மறுநாள் காலை, நீ குளித்துக்கொண்டிருந்தபோது அதை நான் நிரப்பினேன். நீ முந்தின மாதமே சொல்லியிருந்தாய், உயிரியல் எடுத்து மாட்டு டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று. உன் ஐந்து வருஷ மதிப்பெண் அட்டைகளை வைத்துப் பார்த்தேன். கணக்கில் நீ எப்போதும் முதல். கணக்கு, கம்ப்யூட்டர் என்று எழுதினேன். முதலில் பென்சிலில்கூட எழுதவில்லை, நேராக மை. யோசிக்க இதில் எதுவும் இல்லை என்று நினைத்ததனால்தான் நேராக மை. உன்னிடம் நீட்டியபோது நீ படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து மட்டும் போட்டாய். எதிர்த்துப் பேசவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். டிரங்க் கால் போட்டுக் கொடுத்த காலத்தில், எதிர்முனையில் சத்தம் இல்லையென்றால் லைன் கிடைத்துவிட்டது என்று நான் ஒருநாளும் எடுத்துக்கொண்டதில்லை. இரண்டு தரம், மூன்று தரம் “ஹலோ, கேட்கிறதா” என்று கேட்டிருக்கிறேன். ஊர் பேர் தெரியாதவர்களுக்குச் செய்ததை உனக்குச் செய்யவில்லை.

உன் படிப்பு வீணாகவில்லை. நல்ல வேலை, நல்ல பெண், சொந்த வீடு. நீ அதற்காக வருத்தப்பட்டுத் திரிகிறாய் என்று நான் எழுதப்போவதில்லை, அது பொய். நானும் உன்னைப் பற்றிப் பெருமைப்படுவதை நிறுத்தப்போவதில்லை. உன் கணக்கு பற்றிய என் கணிப்பு சரிதான். கேட்காதது தவறு. கணிப்பு சரியாக இருந்ததால் கேட்காதது தவறில்லை என்று இருபத்தெட்டு வருஷம் நினைத்திருந்தேன். உப்பு அரசனிடம் கணிப்பும் தவறிய பிறகுதான் இரண்டும் வேறு வேறு என்று எனக்குத் தனித்தனியாகத் தெரிந்தது. மன்னித்துக்கொள். இந்தச் சொல்லை நான் மையில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும் முன் நோட்டில் எழுதிய பிரதி என்னிடம் இருக்கிறது.

இந்த ஐந்து வாரத்தில் நான் வேறொரு காரியமும் செய்தேன். உன் பாத்திரத்தின் பக்கத்தைத் திறந்து முழுதாகப் படித்தேன். குழுவில் யாரும் யாருடையதையும் பார்க்கலாம் என்பதால் இது திருட்டுத்தனம் ஆகாது. மூன்று வருஷமாக உன் பின்னால் நின்று உன் உயிரின் அளவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அந்தப் பக்கத்தை ஒருநாளும் திறந்ததில்லை. அதில் உன் லாயத்தில் நீ பழக்கி வைத்திருக்கும் பிராணிகள் இருபத்து மூன்று. எந்தச் சண்டைக்கும் உதவாத ஆடு, கழுதை, ஒரு காட்டுப் பன்றிக்குட்டி. ஒவ்வொன்றுக்கும் பெயர். ஒரு நொண்டி ஆட்டுக்கு நீ வைத்திருக்கும் பெயர் ‘அடிக்கோல்’.

எனக்கு அது மறக்கவில்லை. நீ ஏழாவது படித்தபோது, ஜங்ஷன் பக்கத்து டீக்கடைக்காரரின் ஆட்டுக்குக் கால் முறிந்துபோயிற்று. நீ என் கான்வென்ட் காலத்து மர அடிக்கோலை எடுத்துப் போய் வைத்துக் கட்டிவிட்டாய். மூன்று வாரம் அந்த ஆடு என் அடிக்கோலோடு விழுப்புரம் ஜங்ஷனைச் சுற்றிவந்தது. நான் வேலைக்குப் போகும்போது என்னைப் பார்த்தால் டீக்கடைக்காரர், “அம்மா, உங்க ஸ்கேலு நல்லா நடக்குதும்மா,” என்பார். அன்றைக்கு உன்னை நான் திட்டினேன். ஆட்டின் கால் சரியானதா என்று கேட்கவில்லை. சரியானது என்று எனக்குத் தெரியும், நானே பார்த்தேன். ஆனாலும் உன்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

அதே பக்கத்தின் கடைசியில் இன்னொன்றைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. உன்னிடம் மூன்று புள்ளிகள் செலவழிக்காமல் கிடக்கின்றன. மூன்று புள்ளி! கேடயத்தில் போட்டிருந்தால் இன்னும் எத்தனை அடியைத் தாங்கியிருக்கலாம்? இரண்டு வருஷமாக அப்படியே கிடப்பதாகத் தேதி காட்டுகிறது. என் மகன் இப்படி அலட்சியமாக இருப்பானா என்று நினைத்தேன். பிறகு கிளைகளைப் படித்துப் பார்த்தேன். பிராணிகளை வளர்ப்பவனுக்கென்று ஒரு கிளை இருக்கிறது. அதன் முதல் கதவு திறக்க மூன்று புள்ளி வேண்டும். திறந்தால் கேடயத்தைக் கையில் எடுக்க முடியாது. நீ மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு கதவைத் திறக்காமல் நின்றிருக்கிறாய், நான் பின்னால் நிற்கிறேன் என்பதற்காக.

நான் ஏழுமலையிடம் பேசினேன். உன் பெயரில் எதையும் முடிவு செய்யவில்லை, அவரைப் பற்றி மட்டுமே அவரிடம் கேட்டேன். “கேடயமா? நான் புடிச்சிக்கினு நிக்கிறேங்கம்மா. மார்க்கெட்ல தெனமும் வாங்காத அடியா? சார் ஆட்டுக்குட்டிய மேய்க்கட்டும்,” என்றார். அவருடைய கவசம் மட்டமானது. அதனால் என் ஹீல் எதுவும் வீணாகாது என்பது ஒரு வசதி. நாம் பலமுறை தோற்போம். தோற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஞாயிறு மூன்று மணிக்கு லைனில் சத்தம் இல்லாமல் இருப்பதில்தான் ஆட்சேபம்.

தை பிறந்ததும் புதுப் பருவம் ஆரம்பம். அன்றைக்கு எல்லோருடைய புள்ளிகளும் ஒருமுறை கையில் திரும்பி வரும். போட்டுவிட்டால், மாற்றுச் சீட்டு இல்லாமல் சித்திரை வரை மாற்ற முடியாது. என்னுடையதைப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். முள்ளில் அந்தப் பதினொன்றும் அங்கேயே இருக்கும். அதை விட்டுக்கொடுக்கும் எண்ணம் இல்லை, அதை நீ எதிர்பார்க்கவும் வேண்டாம். ஓட்டத்திலிருந்து நான்கை எடுத்து ஒளிக்குத் தருகிறேன். ஓடித் தப்பிக்க எனக்கு எங்கே இருக்கிறது? உன்னுடைய புள்ளிகளைப் பற்றி நான் பென்சிலில்கூட எதுவும் எழுதவில்லை. நீ கேடயத்தோடு முன்னால் நிற்பதாக இருந்தாலும் சரி, லாயத்தில் இருப்பதாக இருந்தாலும் சரி, நான் வருகிறேன். அந்த நொண்டி ஆட்டையும் அழைத்து வா, எனக்கு ஒரு அடிக்கோல் பாக்கி இருக்கிறது.

அந்த மூன்று புள்ளிகளை நீ எங்கே போட விரும்புகிறாய் என்பதை, தை பிறப்பதற்குள் எனக்கு எழுதி அனுப்பு. குரல் பதிவு வேண்டாம், கட்டைவிரல் படம் வேண்டாம், சுதாவிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். உன் கையால், முழு வாக்கியங்களாக எழுது. அது வந்த பிறகுதான் என்னுடையதை மையில் எழுதுவேன்.

அன்புடன்,
அம்மா